சூரியபிரகாஷ் வாங்கிய வைரச் சாணை

2023 நவம்பர் 6 – ரூ. 38,400
2023 டிசம்பர் 11 – ரூ. 650
2024 ஜனவரி 9 – ரூ. 11,72,000
2024 பிப்ரவரி 29 – ரூ. 300
2024 மே 3 – ரூ. 5,900

முதல் தொகை ஒரு ஜோடி வைரச் சாணைச் சக்கரங்களின் விலை. கடைசித் தொகை, அந்த வைரம் அசலா போலியா என்று சோதிக்கச் சென்னைப் பரிசோதனைக்கூடம் ஒன்று வாங்கிக்கொண்ட கட்டணம். நடுவில் உள்ள மூன்றும் போகப் போகத் தெரியும். ஐந்தும் சூரியபிரகாஷ் என்ற ஒரே ஆளின் கணக்கு.

பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். சொந்த ஊர் விரிஞ்சிபுரத்துக்குப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்து சேர்ந்தவன், முப்பத்தேழு வயதாகியும் அங்கேயே இருந்தான். ஸ்ப்ளிட்டிங் மெஷின்தான் அவன் பொறுப்பு. பதனிடும் குரோம் உப்பு ஏறி, நீல நிறமாக, ஈரத்தோடு வருகிற மாட்டுத்தோலை மேல்தோல் ஒன்று, அடித்தோல் ஒன்று என்று இரண்டாகப் பிளக்கும் இயந்திரம் அது. அதற்குள் நீளமான எஃகுக் கத்தி ஒன்று வளையமாக நிற்காமல் ஓடும். ஓடுகிறபோதே இரண்டு சாணைக் கற்கள் அதன் விளிம்பைத் தீட்டிக்கொண்டே இருக்கும். தீட்டல் கொஞ்சம் பிசகினாலும் தோல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் இளைத்தும் வரும். ஷூ கம்பெனிக்காரன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவான்.

கத்தி தீட்டுவதில் சூரியபிரகாஷை மிஞ்ச ஆளில்லை என்பதை அவனுக்கு ஆகாதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆகாதவர்கள் நிறையப் பேர். அவன் கைக்கு இருந்த நிதானம் வாய்க்குக் கிடையாது. செல்வகுமார் என்ற இன்னொரு ஃபிட்டர் ஒருமுறை கல்லைக் கோணலாகப் பூட்டி உடைத்துவிட்டான். உடைந்த கல்லைச் சூரியபிரகாஷ் சணல் கயிற்றில் கட்டி அறிவிப்புப் பலகையின் ஆணியில் தொங்கவிட்டு, கீழே சாக்பீஸால் ‘செல்வகுமார் தீட்டியது’ என்று எழுதி வைத்தான். மூன்று நாள் தொங்கியது. செல்வகுமாரின் அக்காவைத்தான் மேனேஜர் பாண்டியன் கட்டியிருந்தார். அது சூரியபிரகாஷுக்கும் தெரியும். தெரிந்துதான் தொங்கவிட்டான்.

பிப்ரவரி கடைசியில் டூல் ரூம் ஃபோர்மேன் கோதண்டராமன் ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த நாற்காலிக்கு இரண்டு பேர்: சூரியபிரகாஷ், செல்வகுமார். ஃபோர்மேன் என்றால் சாம்பல் நிறக் கோட்டு போடலாம். வருகை பதியும் பன்ச் மெஷினில் விரல் வைக்க வேண்டாம். முதலாளி தொழிற்சாலையைச் சுற்றி வரும்போது கூடவே நடக்கலாம். சூரியபிரகாஷுக்கு அந்த நடை வேண்டியிருந்தது. பதினேழு ஆண்டுகளாகக் குனிந்தபடியே, முதலாளியின் செருப்பை மட்டும் பார்த்தவன் அவன்.

அக்டோபரில் ஜோலார்பேட்டையில் அவன் மச்சான் வீடு கட்டினான். மச்சானுக்குத் தொழிலே கிரானைட் அறுப்பதுதான். தன் வீட்டுப் படிக்குத் தானே கல் அறுத்தான். வைரத்தூள் பதித்த சக்கரம் கருங்கல்லில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. சூரியபிரகாஷ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சக்கரத்தின் விளிம்பை விரலால் தடவினான். தேய்மானமே இல்லை. தொழிற்சாலையில் அவன் சாணைக் கற்கள் வாரத்துக்கு ஒரு ஜோடி தேய்ந்து தூளாகப் போகும். மாற்றும்போதெல்லாம் இயந்திரம் நிற்கும். கருங்கல்லையே இந்தப் போடு போடுகிற வைரத்துக்கு எஃகு எந்த மூலைக்கு என்று அவன் நினைத்தான்.

திங்கட்கிழமை போய்ப் பாண்டியனிடம் சொன்னான். பாண்டியன் எதற்கும் இரண்டு தடவை இழுத்தடிப்பவர். அன்றைக்கு உடனே தலையாட்டினார்.

“நல்ல ஐடியாப்பா. எழுதிக் குடு. வாங்குறதுக்கான இண்டெண்ட் உன் பேர்லயே போடலாம். நாளைக்குப் பேரு வந்தா உனக்கே வரட்டும்.”

நவம்பர் 6 அன்று சக்கரங்களுக்குப் பணம் கட்டினார்கள். சரக்கு செய்து வர இரண்டு மாதம் ஆகும் என்றான் விற்றவன். அதற்குள் சேதி தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. ஸ்ப்ளிட்டிங் மெஷினை ஓட்டும் ஃபைஸான், கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

“இன்னா சூரி, வைரம் வாங்குறியாமே. ஊட்ல தங்கச்சிக்குத் தெரியுமா?”

“அவளுக்கு எதுக்கு பாய்? கத்திக்குத்தான் கண்ணாலம்.”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மெர்சி சிரிக்கவில்லை. அவள் தொழிற்சாலை லேபில் வேலை பார்க்கிறவள், ஆம்பூர்ப் பெண். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் நிறத்தாளை முக்கி முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் சூரியபிரகாஷ் அவளுக்கு வைத்த பெயர் பேப்பர் டீச்சர்.

“சூரிண்ணா, கல்லுன்னா சரி. வைரத்த எஃகு மேல வெக்காதீங்க. கரியா போய்டும்.”

“இன்னாது?”

“வைரமும் பென்சில் கரியும் ஒரே சரக்குதாண்ணா. ரெண்டும் கார்பன்தான். அடுக்கிருக்குற விதம் வேற.” அவள் டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மேசையில் ஒரு கோடு படுக்கையாகவும் ஒரு கோடு நிமிர்த்தும் போட்டாள். “இது சூடு. இது அழுத்தம்.” நடுவில் சாய்வாக இன்னொரு கோடு இழுத்தாள். “இந்தக் கோட்டுக்கு மேல வைரம் நிம்மதியா இருக்கும். கீழ கரிதான் நிம்மதியா இருக்கும். பூமிக்கு அடியில அழுத்தம் ஜாஸ்தி, அதான் அங்க வைரமாவுது.”

“நாம எங்க இருக்கோம்?” என்றான் ஃபைஸான்.

மெர்சி அடி மூலையில் விரலை வைத்தாள். “இங்க. கரிப் பக்கம்.”

“அப்போ பேரணாம்பட்டு நகைக்கடையில எத்தினி மோதிரம் கரியாச்சும்மா?” என்று கேட்டான் சூரியபிரகாஷ். “நம்ம மெர்சி டீச்சர் சொல்றாங்கப்பா, பொண்டாட்டிங்க மூக்குத்திய எல்லாம் பத்திரமா பாத்துக்கோங்க. காலைல எழுந்தா மூக்கு கருத்திருக்கப் போவுது.”

மேசை குலுங்கியது. மெர்சி காது சிவக்கக் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

“தானா போகாதுண்ணா. மேட்டு மேல சின்னக் குழியில கெடக்குற பந்து மாதிரி அது. கீழ பெரிய பள்ளம் இருக்கு. தள்ள ஆளில்ல, அதனால கெடக்குது. இரும்புதான் தள்ளுற ஆளு. சூடான இரும்பு வைரத்துலேர்ந்து கார்பன உறிஞ்சும், மிச்சம் கரியா நிக்கும்.”

“நீ தண்ணியில பேப்பர் முக்குற வேலையப் பாரு கண்ணு. தீட்டுறது நான் பாத்துக்குறேன்.”

பக்கத்து மேசையில் பாண்டியன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. “விடும்மா மெர்சி,” என்றார் சிரித்துக்கொண்டே. “அவன் வேலை அவனுக்குத் தெரியும்.” மேசையில் இருந்த ஈரக் கோடுகளைக் கேன்டீன் அம்மாள் துணியால் துடைத்தாள்.

டிசம்பர் 11 அன்று சூரியபிரகாஷ் பஜார் தையல்காரரிடம் கோட்டு தைக்கக் கொடுத்தான். துணியோடு கூலி சேர்த்து அறுநூற்றைம்பது. நாற்காலி இன்னும் வரவில்லையே என்று அவன் மனைவி சங்கீதா கேட்டாள். அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவள்.

“வந்தப்புறம் தைக்கக் குடுத்தா, முதல் நாள் ப்ளூ சட்டையில போய் உக்காரணுமா?” என்றான்.

“உக்கார நாற்காலி மொதல்ல வரட்டும்யா.”

ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் சக்கரங்களைப் பூட்டினான். ஒரு ஐரோப்பியக் கம்பெனிக்குப் போக வேண்டிய தோல் அடுக்கி இருந்தது. பூட்டியதும் கத்தி பாடிய பாட்டு அவன் அதுவரை கேட்டிராதது. மெல்லிய, ஒரே சீரான கீச்சொலி. ஃபைஸான் முதல் தோலை விட்டான். வெளியே வந்த தோலை இருவரும் கண்ணாடித்தாள் மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

“மாஷா அல்லாஹ்,” என்றான் ஃபைஸான். “உனக்கு நாற்காலி உறுதி.”

கோதண்டராமன் வந்து பார்த்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். பாண்டியன் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். கத்தியின் பாட்டு மாறியது. கீச்சொலி கரகரப்பாகி, பிறகு வழுக்குகிற சத்தமாக ஆயிற்று. வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. சூரியபிரகாஷுக்கு விழுந்தது. சக்கரத்தின் முகம் பளபளவென்று கருத்திருந்தது. தீட்டாமல் வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருந்தால் ஒரு ஜோடி சக்கரத்தோடு போயிருக்கும். பழைய கற்களைப் பூட்டிவிட்டு, கேன்டீனில் ஒரு வாரம் கேலியைப் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும். நாற்காலி போயிருக்கலாம், வேலை இருந்திருக்கும்.

ஆனால் அவனுக்கு மெர்சியின் ஈரக் கோடு ஞாபகம் வந்தது. கோட்டுக்கு மேலே வைரம் நிம்மதியாக இருக்கும். மேலே என்றால் அழுத்தம். அவளைக் கேலி செய்த வாய் மூடியிருந்தது, மூளை மட்டும் அவள் சொன்னதில் பாதியைப் பத்திரமாக வைத்திருந்தது. அழுத்தம் ஜாஸ்தியானால் வைரம் வைரமாகவே நிற்கும் என்று முடிவு கட்டினான். சக்கரத்தைக் கத்தியோடு நெருக்கும் திருகைக் கால் சுற்று இறுக்கினான். சத்தம் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. இன்னொரு கால் சுற்று. பிறகு ஒரு அரைச் சுற்று.

மெர்சி சொன்ன அழுத்தம் சாதாரண அறைச் சூட்டிலேயே காற்றழுத்தத்தைப் போல் பதினைந்தாயிரம் மடங்குக்குக் கிட்டே. சூடு ஏற ஏற அதுவும் ஏறும். கையால் திருகுகிற திருகில் அதில் ஒரு துணுக்குகூடக் கிடைக்காது. கிடைத்தது சூடு மட்டும்தான். அவன் இறுக்க இறுக்கக் கத்தியின் விளிம்பு சிவக்காமலே கொதித்தது. கொதித்த எஃகு வைரத்தை இன்னும் வேகமாகத் தின்றது. வைரத்தைக் காப்பாற்ற அவன் செய்ததெல்லாம் அதைக் கரியாக்கும் வேலைக்கே ஒத்தாசையாக முடிந்தது.

“சூரி, தோல் இழுக்குதுடா,” என்றான் ஃபைஸான்.

“நீ விடு பாய். இப்போ சரியாய்டும்.”

ஃபைஸான் விட்டான். தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் விழுந்துகொண்டிருந்தன. மதியம் தடிமன் பார்க்க மெர்சி அளவுக்கருவியோடு வந்தாள். முதல் தோலில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தாள். அடுத்ததில் பார்த்தாள். பிறகு அடுக்கைப் புரட்டி நடுவிலிருந்து உருவிப் பார்த்தாள். சில தோல்களில் ஓட்டை விழுந்திருந்தது. அவள் நிமிர்ந்து ஃபைஸானைப் பார்த்த அதே நேரத்தில் உள்ளே கத்தி அறுந்தது. மூடிக்குள் இரும்பு அடித்துக்கொள்ளும் சத்தம் ஓய்ந்ததும் சூரியபிரகாஷ் மூடியைத் திறந்தான். யாருக்கும் அடிபடவில்லை. அறுந்த கத்தியின் விளிம்பு நெடுக மயில் கழுத்து நீலம். எஃகு பதம் போய்விட்டது என்பதற்கு அந்த நீலம் போதும். கத்தி, ஆர்டர், தோல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பிரிவு எழுதிய தொகை பதினொரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாண்டியன் எல்லோரையும் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிற்க வைத்தார். கையில் சக்கரம். அதைச் சணல் கயிற்றில் கட்டி, அதே ஆணியில், செல்வகுமாரை விட்டே தொங்கவிடச் சொன்னார். சாக்பீஸையும் அவனிடமே கொடுத்தார். செல்வகுமார் நிதானமாக, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினான்: ‘சூரியபிரகாஷ் கண்டுபிடித்த கரி.’

“தொட்டுப் பாருங்கப்பா,” என்றார் பாண்டியன். “எல்லாரும் ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க. வைரத்தத் தொடுற யோகம் நமக்கெல்லாம் எப்போ வரும்.”

வரிசையாகத் தொட்டார்கள். சிலர் கருத்த விரலை மூக்கில் வைத்துக்கொண்டு, மூக்குத்தி, மூக்குத்தி என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று சூரியபிரகாஷுக்குத் தெரியும். ஃபைஸானும் தொட்டான். சிரிக்கவில்லை, ஆனால் தொட்டான்.

கூட்டம் கலைந்ததும் சூரியபிரகாஷ் பாண்டியனிடம் போனான்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?”

“எது?”

“இது எஃகுக்கு ஆகாதுன்னு.”

“கேட்டலாக்ல போட்டிருக்கானே. பதினேழாம் பக்கம். இரும்பு, எஃகுக்கு உபயோகிக்கக் கூடாதுன்னு கட்டம் கட்டி.” பாண்டியன் கைக்குட்டையால் விரலில் இருந்த கறுப்பைத் துடைத்தார். “என் டேபிள் மேலதான் இருந்துச்சு, ரெண்டு மாசமா.”

“ஏன் சார் சொல்லல?”

“மெர்சி சொன்னாளே. நீ என்ன பண்ண? உனக்குச் சொல்ற அளவுக்கு நான் படிக்கலப்பா.”

சஸ்பெண்ட் உத்தரவு மாலையே கைக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து முதலாளி அவனைக் கூப்பிட்டு, கத்தாமல் பேசினார். சக்கரம் போலி என்று எழுத்தில் வந்தால் நஷ்டத்தை விற்றவனிடம் வாங்கிக்கொள்ளலாம், அப்போது சூரியபிரகாஷ் வேலைக்குத் திரும்பலாம். அசல் என்று வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அதுவரை விசாரணை நிலுவையில் இருக்கும்.

அன்றிலிருந்து அவனுக்கு அது ஒன்றே வாழ்க்கையாயிற்று. சக்கரம் போலியாக இருக்க வேண்டும். மெர்சி சொன்ன காரணத்தை அவன் மனதுக்குள் வரவிடவில்லை. வெறும் கல்லில் கறுப்புச் சாயம் பூசி விற்றுவிட்டான் அயோக்கியன் என்று பேருந்தில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னான். ஒரு நாள் தொழிற்சாலை வாசலில் மெர்சியை மறித்தான்.

“டூப்ளிகேட்னு நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா. நீ கெமிஸ்ட்ரி. முதலாளி கேப்பாரு.”

“நான் எப்படிண்ணா எழுத முடியும்?”

“நான் பேசினத மனசுல வெச்சிக்காத. நீ என் தங்கச்சி மாதிரி.”

மெர்சி பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். பேருந்து வருகிறதா என்று பார்த்தாள்.

“வெச்சிக்கிட்டுதான் இருக்கேன், ஆனா அதுக்காகச் சொல்லல,” என்றாள். “டூப்ளிகேட்டா இருந்திருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க சூரிண்ணா. சாதாக் கல்லு எஃக நல்லாத்தான் தீட்டும், பதினேழு வருஷமா தீட்டுச்சு இல்ல. கார்பன் இருந்தாத்தான் இரும்பு உறிஞ்சும். அசலா இருந்ததாலதான் போச்சு.”

அவள் பேருந்தில் ஏறிப் போனாள். அவன் வீட்டுக்கு நடந்தே வந்தான். சங்கீதாவிடம், மெர்சியும் பாண்டியனோடு சேர்ந்துவிட்டாள் என்றான்.

“எங்க கம்பெனியில என்னைப் பாத்தாப் பென்சில் கேக்குறாளுங்க,” என்றாள் சங்கீதா. “அரை டஜன் வாங்கிப் பையில வெச்சிக்கலாமான்னு இருக்கு.”

பிப்ரவரி 29 அன்று கோதண்டராமன் மாலையோடு வீட்டுக்குப் போனார். அன்று மாலை செல்வகுமார் சூரியபிரகாஷின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றான். சூரியபிரகாஷ் இல்லை.

“அண்ணி, கோட்டு ஒண்ணு சும்மா கெடக்குதாமே. நாளைக்கு எனக்கு வேணும். தையல்காரர் பத்து நாள் ஆவும்ன்றார்.”

சங்கீதா உள்ளே போய், மடிப்புக் கலையாத கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டாள். இரவு சூரியபிரகாஷ் கேட்டபோது, அரிசி மூட்டையைக் காட்டினாள்.

“அவனுக்கு மார்பு அகலம் ஜாஸ்தி,” என்றான் அவன்.

“பிரிச்சுத் தெச்சுக்குவான்.”

மார்ச்சில் மச்சானிடம் கூலிக்குப் போய்ச் சேர்ந்தான். ஜோலார்பேட்டையில் நாள் முழுக்கக் கிரானைட் அறுப்பு. சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வைரம் அங்கே சொன்னபடி கேட்டது. கருங்கல்லில் இரும்பு அப்படியொன்றும் இல்லை, தண்ணீர் சூட்டையும் அண்டவிடாது. அறுக்க அறுக்கப் பலகை பலகையாகக் கல் வந்து விழும். புதுச் சக்கரம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். தொழிற்சாலையில் வாங்கியதில் இந்த மினுமினுப்பு இல்லை என்று மச்சானிடம் சொல்வான். இருந்தது என்று மச்சானுக்குப் படும். ஆனாலும் ஆமாம் என்பான்.

மே 3 அன்று கூலிப் பணத்திலிருந்து ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் கட்டி, சக்கரத்தின் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினான். துண்டு வேண்டுமென்று கேட்கப் பாண்டியனிடம்தான் போக வேண்டியிருந்தது. சக்கரம் இன்னும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பாண்டியன் மறுக்கவில்லை. புதுக் கோட்டில் இருந்த ஃபோர்மேனைக் கூப்பிட்டு, நல்ல துண்டாக வெட்டிக் கொடுக்கச் சொன்னார்.

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. கடிதம் வருமென்று அவன் தினமும் வேலைக்கு நடுவே சங்கீதாவுக்குப் போன் செய்தான். போலி என்று வந்துவிட்டால் முதலில் பாண்டியனிடம் என்ன சொல்வது, மெர்சியிடம் என்ன சொல்வது என்று கல்லுக்கு முன்னால் குந்தியபடி சொல்லிப் பார்த்துக்கொள்வான். மெர்சியிடம் சொல்ல வைத்திருந்த வாசகம் நீளமானது.

பதிவுத் தபால் வந்த அன்று சங்கீதாவுக்கு உடம்பு சரியில்லை, வேலைக்குப் போகவில்லை. அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தாள். அவன் இயந்திரத்தை நிறுத்தினான். தண்ணீர் மட்டும் கல்லின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னா போட்டிருக்கு?”

“ஒரிஜினல் வைரம்தானாம். மேல படிஞ்சிருக்குற கறுப்பும் அதே வைரம் மாறினதுதானாம். பென்சில் கரின்னு போட்டிருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“ரெண்டு தரம் படிச்சேன்.”

“சாயம்னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாரு.”

காகிதத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

“இல்லய்யா. அசல்.”

மச்சான் தூரத்திலிருந்து, ஏன் நிறுத்தின, கல்லு காத்துக்கெடக்கு என்று கத்தினான். சூரியபிரகாஷ் போனைப் பையில் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டான். கடிதத்தின் நகல் தொழிற்சாலைக்கும் போயிருந்தது. அந்த வார இறுதியில் தொழிற்சாலை விசாரணையை முடித்து அவன் பெயரை நீக்கியது. அதற்கு எழுத்தில் எதுவும் அனுப்பவில்லை, ஃபைஸான்தான் வந்து சொன்னான். அவனுக்கு என்று கடைசியாக வந்த கடிதம் பரிசோதனைக்கூடத்துக் கடிதம்தான். அது வந்து சேர்ந்த நாள் 2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை.